வேலூர் – ஜெய்சல்மேர், சொந்த காரில் நானும் வீட்டுக்காரரும்: ரூட்டைப் பார்த்துச் சொல்லுங்க

முள்ளுக்கத்திரி – டிசம்பர் 28

எல்லாருக்கும் வணக்கம். காணும் பொங்கல் முடிஞ்சு, தை அமாவாசை படையலும் போட்டுட்டு, மறுநாள் விடியக்காலம் சத்துவாச்சாரியிலிருந்து கிளம்பலாம்னு இருக்கோம். நானும் அவரும் மட்டும். பையன் ஹாஸ்டல்ல இருக்கான். வண்டி பெட்ரோல் ஸ்விஃப்ட், சர்வீஸ் விட்டாச்சு, டயர் நாலும் தீபாவளிக்கு மாத்தினது. லீவு பிப்ரவரி முதல் வாரம் வரைக்கும் இருக்கு.

அவர் போட்ட ரூட்: பெங்களூர், ஹூப்ளி, புனே, சூரத், அகமதாபாத், உதய்ப்பூர், ஜோத்பூர், ஜெய்சல்மேர், பிகானேர், ஜெய்ப்பூர், திரும்பி வீடு. ஒவ்வொரு ஊருக்கும் ரூம் போட இப்பவே லேப்டாப்பைத் திறந்து வெச்சிக்கினு உக்காந்திருக்கார்.

எனக்கு இதுல ரெண்டு குறை. கட்ச் வெள்ளை ரண் இதுல இல்ல. எனக்குப் பாலைவனம்னாலே அந்த உப்புத் தரைதான். அடுத்தது, எந்த ஊர்லயும் சேர்ந்தாப்ல ரெண்டு ராத்திரி தூங்கறதா இல்ல. கட்சையும் சேருங்கன்னு கேட்டா, "மணலுக்கு மணல் என்ன வித்தியாசம், அதுக்குத்தான் பாலாறே இருக்கே"ங்கறார். போயிட்டு வந்தவங்க யாராச்சும் சொல்லுங்க.

காட்பாடி_ஜங்ஷன்

கேட்டதுக்குப் பதில் இல்ல இது, கோவிச்சுக்காதீங்க. ஜெய்சல்மேர் இங்கேருந்து ஒரு பக்கமே 2,200 கிலோமீட்டருக்குக் குறையாது. போற வர நாளெல்லாம் டோல்கேட்லயே கழிஞ்சிடும். மெட்ராஸ்ல ஃபிளைட் ஏறி ஜோத்பூரோ அகமதாபாத்தோ இறங்கி, அங்க ஒரு வாடகை வண்டி எடுத்தா மிச்ச நாள் பூரா மணல்ல உருளலாம். பெட்ரோல், டோல், வழியில தங்கற செலவு எல்லாம் கூட்டிப் பாருங்க, காசும் பெரிசா மிச்சம் ஆவாது.

முள்ளுக்கத்திரி

அதை நானும் சொல்லிப் பாத்தாச்சுங்க. அவருக்கு டிஎன் 23 வண்டியைக் கொண்டுபோய் மணல்மேட்டு முன்னாடி நிறுத்தி ஒரு போட்டோ எடுக்கணும். பல வருஷத்து ஆசை, அதுல நான் கை வைக்கல. ரூட்டுலதான் சண்டை.

வாணியம்பாடி_வண்டி

தோல் சரக்கு விஷயமா அந்தப் பக்கம் போய் வர்றவன், அதனால ரோட்டைப் பத்தி மட்டும் சொல்றேன்.

நம்ம கிரீன் சர்க்கிள் தாண்டிப் போற அதே 48-ம் நம்பர் ஹைவேதான் உதய்ப்பூர் வரைக்கும் போவுது. சென்னைல ஆரம்பிச்சு டெல்லில முடியற ரோடு. வழி தவறவே முடியாது. கஷ்டம் ரெண்டு இடத்துலதான். சாத்தாராவுக்கும் புனேவுக்கும் நடுவுல கம்பாட்கி காட் ஒண்ணு. அப்புறம் மும்பை ஓரம்: பன்வேல், தானே, கோட்பந்தர் ரோடு வழியா வெளிய வரணும். லாரி லாரியா நிக்கும். புனேவுல தங்கி, விடியறதுக்கு முன்ன கிளம்பி, ஊர் முழிக்கறதுக்குள்ள கோட்பந்தரைத் தாண்டிட்டீங்கன்னா அன்னிக்குப் பொழுது நல்லாப் போகும். மத்தியானம் அங்க மாட்டினா சூரத் ராத்திரிதான்.

பெட்ரோல் குஜராத்தைவிட ராஜஸ்தான்ல லிட்டருக்குப் பல ரூபா ஜாஸ்தி. உதய்ப்பூர் ரோட்டுல ஷாமளாஜி கிட்ட ஃபுல் டேங்க் போட்டுட்டு பார்டர் தாண்டுங்க.

பாஷைக்குப் பயப்பட வேணாம். ஆஸ்பத்திரி ரோட்டு லாட்ஜுங்க பக்கம் நாலு வருஷம் குடியிருந்த வேலூர்க்காரனுக்கு ஹிந்தி தானா வரும்.

ஏரிக்கரை

அம்மா, பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பொதுப்பணித் துறையில் ஏரி, கால்வாய் என்று காலம் கழித்தவன். ஓய்வுக்குப் பிறகு அந்த இரண்டு பாலைவனங்களையும் பார்த்துவிட்டேன்.

முதலில் உங்கள் வீட்டுக்காரருக்கு. தார் பாலைவனம் மணல். காற்று கொண்டுவந்து குவித்த மேடு. ரண் அப்படியல்ல, அது ஒரு காலத்தில் கடலின் கையாக இருந்து தூர்ந்துபோன சதுப்பு. மழைக்காலத்தில் கடல்நீரும் ஆற்றுநீரும் ஏறி ஏரிபோல் நிற்கும். கார்த்திகை, மார்கழியில் வற்றும்போது மேலே உப்புப் படிந்து காயும். தை மாதத்தில் அதன்மேல் நடக்கலாம். ஒன்றில் கால் புதையும், மற்றதில் கால் நொறுங்கும். பாலாற்று மணலோடு இரண்டையுமே சேர்க்க முடியாது.

இனி ரூட். தைப்பூசம் பிப்ரவரி 1. நமக்குப் பூசம், வடக்கே மாக பூர்ணிமை. ஜெய்சல்மேரில் பாலைவனத் திருவிழா நடப்பது அந்தப் பௌர்ணமியை ஒட்டித்தான். அப்போது ரூம் வாடகையைக் கேட்கவே வேண்டாம். தவிர, மணல்மேட்டில் படுத்து நட்சத்திரம் பார்க்க நிலவு இடைஞ்சல். வெள்ளை ரண்ணுக்கோ நிலவுதான் முக்கியம். ஆகவே அமாவாசைக்குக் கிளம்புகிற நீங்கள் ஜெய்சல்மேரை முதலில், நிலவு வளர்வதற்குள் முடித்துவிட்டு, தைப்பூசத்தன்று ரண்ணில் இருங்கள். ஜெய்ப்பூரை அடித்துவிடுங்கள். அதை எப்போது வேண்டுமானாலும் ரயிலில் போய்ப் பார்க்கலாம்.

முள்ளுக்கத்திரி

சார், இதை அப்படியே அவர்கிட்ட படிச்சுக் காட்டினேன். பதில் பேசல. காலண்டரை எடுத்துக்கினு போயிட்டார்.

ரிசர்வ்ல_ஓடும்_வண்டி – டிசம்பர் 30

மேற்படி "அவர்" நான்தான். இந்த இழையைப் பற்றி நேற்றுதான் தெரியவந்தது.

ஏரிக்கரை சார் சொன்ன நிலாக் கணக்கு சரி. ஜெய்ப்பூர் அடிக்கப்பட்டது. கட்ச் சேர்க்கப்பட்டது. ஆனால் பிகானேரை விடுவதாக இல்லை. ஜூனாகட் கோட்டை, ஒட்டக ஆராய்ச்சி மையம், தேஷ்நோக்கில் எலிகள் ஓடும் கர்ணி மாதா கோயில், எல்லாவற்றுக்கும் மேல் பிகானேரி புஜியாவை அந்த ஊரிலேயே சாப்பிட வேண்டும். ரூமும் போட்டாச்சு. ரத்து செய்தால் பணம் வராது என்பதால்தான் பாதி விலைக்குக் கிடைத்தது.

முன்கூட்டியே புக் பண்ணுவது தப்பா? ராத்திரி எட்டு மணிக்குத் தெரியாத ஊரில் ஒவ்வொரு லாட்ஜாக ஏறி இறங்கி, "பாத்ரூம் சுத்தமா இருக்கா பாருங்க" என்று உள்ளே அனுப்பப்படுவது நான்தான்.

பைக்_பித்தன்

ப்ரோ, ஜனவரி கடைசில பிகானேர், கங்காநகர் பக்கம் பனிமூட்டம் செமயா இருக்கும். சில நாள் காலைல பத்து மணி வரைக்கும் முன்னாடி போற வண்டியோட லைட்டே தெரியாது. ரீஃபண்ட் இல்லாத ரூம் போட்டது சரியில்ல. நான் போனப்போ ரூம் எதுவுமே போடல, ஜம்முனு போயிட்டு வந்தேன்.

காட்பாடி_ஜங்ஷன்

நீங்க தனி ஆளு தம்பி. பெட்ரோல் பங்க்ல கூட துண்டை விரிச்சுப் படுப்பீங்க. கூட வீட்டுக்காரம்மா வரும்போது அந்தக் கதையெல்லாம் ஆவாது.

முள்ளுக்கத்திரி

வீட்டுக்காரம்மா பங்க்ல படுக்கத் தயார். அவருக்குத்தான் முதுகு வலி.

பேட்டைக்காரன் – ஜனவரி 2

கம்மவான்பேட்டை. ராணுவத்தில் இருந்தேன், ஜெய்சல்மேர் பக்கம் வேலை பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளம் என்பதால் இது பெருமைக்குச் சொல்லவில்லை.

தங்கச்சி, ஊர் பார்க்கிற விஷயம் மற்றவர்கள் சொல்வார்கள். நான் சொல்வது மணலில் வண்டி ஓட்டுவதைப் பற்றி.

ஸ்விஃப்டை மணல்மேட்டில் ஏற்றாதீர்கள். தார் ரோட்டிலிருந்து இரண்டு சக்கரம் இறக்கி நிறுத்தும்போதுகூட முதலில் இறங்கி நடந்து பாருங்கள். செருப்பு அமுங்கினால் டயர் புதையும். புதைந்துவிட்டால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கவே கூடாது. மிதிக்க மிதிக்க சக்கரம் தனக்குக் குழி தோண்டிக்கொண்டு, கடைசியில் வண்டி வயிறு மணலில் உட்கார்ந்துவிடும். இன்ஜினை நிறுத்துங்கள். முன் சக்கரத்துக்கு எதிரே இருக்கிற மணலைக் கையால் வாரி, சரிவாக வழி செய்யுங்கள். டயரில் காற்றைப் பதினெட்டு, இருபது வரை இறக்குங்கள். டயர் பரந்து மணலைப் பிடிக்கும். வண்டிக்குள் காலடியில் விரித்திருக்கிற மேட்டை (மிதியடியை)க் கவிழ்த்துச் சக்கரத்துக்கு முன்னால் செருகுங்கள். இரண்டாவது கியரில், மெதுவாக, ஸ்டியரிங் நேராக. வெளியே வந்ததும் காற்று ஏற்றாமல் தார் ரோட்டில் வேகம் போகக் கூடாது. சிகரெட் லைட்டரில் சொருகுகிற காற்றுப் பம்பு ஒன்று கட்டாயம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இருட்டினால் வண்டி ஓட்டாதீர்கள். ஒட்டகத்தின் கால் மட்டும்தான் லைட்டில் தெரியும், உடம்பு மேலே இருட்டில் இருக்கும். மாடும் நீலான் மானும் அப்படியே ரோட்டில் நிற்கும்.

எல்லைப் பக்கத்துத் தனோட் மாதா கோயிலுக்குப் போவதானால் ராம்கரில் பெட்ரோல் நிரப்பிவிடுங்கள், அதற்கப்புறம் பங்கை நம்பாதீர்கள். 1965 சண்டையில் அந்தக் கோயிலைச் சுற்றி விழுந்த குண்டுகள் வெடிக்கவில்லை என்பார்கள். சிலவற்றை உள்ளே கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். பூஜை, நிர்வாகம் எல்லாம் எல்லைப் பாதுகாப்புப் படைதான். திரும்புகிற வழியில் லோங்கேவாலா. 1971 டிசம்பர் 4 ராத்திரி பஞ்சாப் ரெஜிமென்ட் கம்பெனி ஒன்று டாங்கிகளை எதிர்த்து நின்ற இடம். பொழுது விடிந்து ஜெய்சல்மேரிலிருந்து ஹண்டர் விமானங்கள் வரும் வரை தாக்குப்பிடித்தார்கள். விமானம் ராத்திரியில் பறக்க முடியாது என்ற ஒரே காரணத்தால் அந்த ராத்திரி அவ்வளவு நீளம். நின்று பாருங்கள்.

ஜனவரி 26-ஐ ஒட்டி எல்லைப் பக்கம் சோதனை அதிகம் இருக்கும். ஆதார், ஆர்.சி. கையில் இருக்கட்டும். ட்ரோன் எதுவும் எடுத்துப்போக வேண்டாம்.

மக்கன்பேடா

பேட்டை அண்ணன் சொன்னதுக்கு மேல சொல்ல எதுவும் இல்ல. நான் சாப்பாட்டுக்கு வர்றேன். ஜெய்சல்மேர் பக்கத்து சாம் மணல்மேட்டுல ரிசார்ட் கூடாரத்துல போடற பஃபேயை நம்பி வயித்தைக் காயப் போடாதீங்க. ரோட்டோரக் கடைல கம்பு ரொட்டி, பூண்டுச் சட்னி, கேர் சாங்ரி கேளுங்க. சாங்ரிங்கறது நம்ம வன்னி மரத்துக் காய்தான். கோயில்ல சுத்தி வர்ற மரத்தோட காயை அங்க பறிச்சுக் காய வெச்சு, வருஷம் பூரா பொரியல் பண்றாங்க. ஜோத்பூர்ல மிளகாய் வடை. நம்ம பஜ்ஜி மிளகாய் சைஸுக்கு நினைச்சுக்கினு போகாதீங்க, ஒண்ணு தின்னா ஒரு வேளை முடிஞ்சுது.

கட்ச்ல பிரண்டியாரா செக்போஸ்ட் கிட்ட மாவா விப்பாங்க. பாலைச் சுண்டக் காய்ச்சினது. ஆற்காட்டுக்காரன் நானே ஒத்துக்கறேன், நல்லா இருக்கும்.

ஏரிக்கரை

வன்னி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஜோத்பூர் பக்கத்தில் கேஜர்லி என்ற கிராமம். 1730-இல் அரண்மனைக்கு விறகு வேண்டுமென்று வன்னி மரங்களை வெட்ட ஆள் வந்தபோது, அம்ரிதா தேவி என்ற பிஷ்னோய் பெண் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரையும் சேர்த்து 363 பேர் அங்கே வெட்டுப்பட்டார்கள். நினைவிடம் இருக்கிறது. ஜோத்பூரில் அரைநாள் கிடைத்தால் போய்வாருங்கள்.

முள்ளுக்கத்திரி – ஜனவரி 20

கிளம்பியாச்சு. மொத நாளே கோலாப்பூர் போய்டலாம்னு பிளான். பெங்களூரைத் தாண்டறதுக்கே மத்தியானம் ஆயிடுச்சு. ஹூப்ளில படுத்தோம். அவர் போட்ட அட்டவணையில ஹூப்ளிக்கு நேரா "டீ" னு மட்டும்தான் எழுதியிருந்தது.

வாணியம்பாடி_வண்டி

கோட்பந்தர்?

முள்ளுக்கத்திரி – ஜனவரி 22

நீங்க சொன்ன மாதிரியே இருட்டுல தாண்டிட்டோம். புண்ணியம் உங்களுக்கு. ஷாமளாஜில ஃபுல் டேங்க்.

ரிசர்வ்ல_ஓடும்_வண்டி – ஜனவரி 23

உதய்ப்பூர். ஒரு ராத்திரி என்று போட்டிருந்தேன். பிச்சோலா ஏரிக்கரையில் ரூம். காலையில் எழுந்து பார்த்தபோது இன்னொரு நாள் இருக்கலாம் என்று தோன்றியது. இதை முதலில் சொன்னது நான் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

இன்னொரு விஷயம். ஊரில் இருக்கிற மாதிரி ஐந்தரைக்கு எழுந்து உட்கார்ந்திருக்கிறேன், வெளியே கும்மிருட்டு. மேற்கே போகப் போக விடியலும் தள்ளிக்கொண்டே போகிறது. ஜெய்சல்மேரில் ஏழரை தாண்டியும் சூரியன் வராது போல. வேலூரைவிடக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் பின்னால். காலையில் சீக்கிரம் கிளம்பி மத்தியானத்துக்குள் சேரலாம் என்று நான் போட்ட கணக்கெல்லாம் இங்கே செல்லாது. பேட்டைக்காரர் அண்ணன் இருட்டில் ஓட்டாதே என்றிருக்கிறார்.

பேட்டைக்காரன்

ஆமாம் தம்பி. எட்டு மணிக்குக் கிளம்புங்கள். ஆறு மணிக்கு முன் போய்ச் சேருங்கள். நடுவில் எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவுதான் அன்றைய தூரம்.

முள்ளுக்கத்திரி – ஜனவரி 25

பிளான் மறுபடி மாறிச்சு. ஜோத்பூர்லேருந்து நேரா ஜெய்சல்மேர் போகாம, பலோடி சுத்திப் போனோம். பக்கத்துல கீச்சன்னு ஒரு கிராமம். மங்கோலியா பக்கத்துலேருந்து குளிர்காலத்துக்கு வர்ற கொக்குங்க, அங்க குர்ஜான்னு சொல்றாங்க. ஊர்க்காரங்களே அதுங்களுக்குத் தானியம் போடறாங்க. சாம்பல் உடம்பு, கழுத்து கறுப்பு, கண்ணுக்குப் பின்னாடி வெள்ளையா ஒரு மயிர்க் குஞ்சம். மொத கூட்டம் எறங்கறப்ப சத்தம் காதை அடைச்சுது. வேலி ஓரம் ஒரு வீட்டு மொட்டை மாடியில ஏறி நின்னு பாக்க விட்டாங்க. கீழ எறங்கினா டீ வேற குடுத்தாங்க.

அதே பலோடிலதான் 2016 மே மாசம் 51 டிகிரி அடிச்சுதாம். அக்னி நட்சத்திரத்துல நாம படற பாடு எனக்கு அப்பதான் சின்னதாத் தெரிஞ்சுது. இப்ப ராத்திரி ஸ்வெட்டர் மேல போர்வை.

பைக்_பித்தன்

அக்கா, பிகானேர் பக்கம் இன்னிக்குப் பனி எப்படின்னு கேட்டீங்களா?

முள்ளுக்கத்திரி – ஜனவரி 27, ஜெய்சல்மேர்

கேட்டோம் தம்பி. லாட்ஜ்ல சாப்பிட வந்த லாரி டிரைவருங்க ரெண்டு பேர் அங்கேருந்துதான் வந்தாங்க. காலைல ஊர்ந்து ஊர்ந்து வந்தோம்னு சொல்லிட்டு, "காரா? எதுக்கு?"ன்னு கேட்டாங்க. அவர் பேசாம புஜியா பாக்கெட்டைத் தட்டுல கொட்டினார். பிகானேர் போச்சு. ரூம் காசும் போச்சு. ஃபோன் பண்ணி, பாதியாச்சும் குடுங்க, இல்லாட்டி வேற தேதிக்கு மாத்துங்கன்னு கேட்டதுக்கு, "விதிமுறையில் இல்லை"ன்னு வெச்சிட்டாங்க.

கோட்டைக்குள்ள இன்னும் ஜனங்க குடியிருக்காங்க. வேலூர் கோட்டைக்குள்ள கோயிலும் சர்க்கார் ஆபீசும்தானே. இங்க கொடியில துணி காயுது, வாசல்ல ஸ்கூட்டர், பையன் ட்யூஷனுக்குப் போறான். 1156-ல ராவல் ஜெய்சல் கட்டினது. மஞ்சள் கல்லு, சாயங்கால வெயில்ல பாக்கணும். ஆனா குழாய்த்தண்ணி வந்து, வீட்டு வீட்டுக்கு பாத்ரூம் வந்தப்புறம் அந்தத் தண்ணி அடியில ஊறி மதிலே இளகறதுன்னு கைடு சொன்னார். அதனால கோட்டைக்கு உள்ள ரூம் எடுக்காம வெளிய எடுத்தது நல்லதாப் போச்சு.

மணல்மேடு விஷயம். சாம்ல எறங்கினதுமே ஜீப்பு, ஒட்டகம், டிஜே, நாலு பக்கமும் ஆளுங்க. எனக்குப் பிடிக்கல. மறுநாள் குரி பக்கம் போனோம், அங்க அமைதி. போட்டோ எடுத்தாச்சு. டிஎன் 23, பின்னாடி மணல், அவர் முகத்துல அப்படி ஒரு சிரிப்பு.

ஆனா கதை சாம்லதான். கூடாரங்களுக்கு அந்தாண்ட ஒரு வெளியூர் கார், மணல்ல எறக்கிட்டு உறுமிக்கினு இருந்துது. ஓட்டறவர் மிதிக்கறார், பின்னாடி ரெண்டு பேர் தள்றாங்க, மணல் அவங்க மூஞ்சில அடிக்குது. சக்கரம் பாதி உள்ள. இவர் ஓடிப்போய் ஜன்னலைத் தட்டி, "பந்த் கரோ, பந்த் கரோ"ன்னு நிறுத்த வெச்சார். பேட்டை அண்ணா எழுதினதை நான் ஃபோன்ல திறந்து வெச்சு ஒவ்வொண்ணா படிக்க, இவர் முட்டி போட்டு மணலை வாரினார். மேல காஞ்ச மணல் வாரவாரச் சரியுது, ஒரு முழம் கீழ ஈரமா ஜில்லுன்னு இருக்கு. தீக்குச்சியால வால்வை அமுக்கிக் காத்தை எறக்கினார். அந்த வண்டி மேட்டு ரெண்டு, எங்களது ரெண்டு. ரெண்டாவது கியர். மொதல்ல வரல. மேட்டை இன்னும் உள்ள தள்ளிச் செருகினதும் ஏறி வந்துது. எங்க மேட்டு ஒண்ணு கிழிஞ்சு பின்னாடி பறந்துச்சு. நம்ம பம்புலதான் நாலு டயருக்கும் காத்து. கட்டிப்புடிச்சுக்கினு போகவே விடல அவங்க.

பேட்டைக்காரன்

நல்லது. மேட்டு போனால் போகட்டும். உங்கள் வண்டி பம்பைத் தொடர்ந்து நாலு டயருக்கு ஓட்டியிருந்தால் சூடாகியிருக்கும், ஒருநாள் ஆறவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

ஏரிக்கரை

பாலிவால் பிராமணர்கள் காலிசெய்துவிட்டுப் போன குல்தாரா ஊருக்குப் போனீர்களா?

ரிசர்வ்ல_ஓடும்_வண்டி

போனோம் சார். பேய் ஊர் என்று டிக்கெட் கொடுக்கிறார்கள். பேய் எதுவும் கண்ணில் படவில்லை. நீங்கள் கேட்பீர்கள் என்று தெரிந்து, அந்த பாலிவால்கள் தண்ணீருக்கு என்ன செய்தார்கள் என்று விசாரித்தேன். கடீன் என்கிறார்கள். கல்லுப் பாறை மேட்டிலிருந்து ஓடிவரும் மழைத்தண்ணீரைப் பள்ளத்தில் நீளமாக மண்கரை போட்டு நிறுத்துவது. தண்ணீர் ஊறி இறங்கினதும், நின்ற அதே இடத்தில் கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைக்கிறார்கள். ஜெய்சல்மேரில் வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர் மழைகூடக் கிடையாது. அதில் கோதுமை.

ஏரிக்கரை

அதைத்தான் பார்க்கச் சொல்ல நினைத்தேன். நம் ஏரியில் தண்ணீரைத் தேக்கி, மதகு வழியாகக் கீழே இருக்கிற ஆயக்கட்டுக்கு விடுகிறோம். அங்கே ஏரியின் உள்வாயே, அதாவது தண்ணீர் நிற்கிற இடமே, வயல். தேக்கி வைத்தால் வெயில் குடித்துவிடும், அதனால் மண்ணுக்குள் இறக்கிவிடுகிறார்கள். இங்கே உள்வாயில் பயிர் வைத்தால் ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் அனுப்புவோம். நானே அனுப்பியிருக்கிறேன்.

முள்ளுக்கத்திரி

கானமயில் பாக்கணும்னு பாலைவன தேசியப் பூங்காவுல சுதாசரி பக்கம் அனுமதி வாங்கிப் போனோம். பாக்க முடியல. நாட்டுல மொத்தமே 150-க்கும் கீழதான் மிச்சமாம், கிடைக்கலன்னு வருத்தப்படவும் தோணல. அங்க போற வழியெல்லாம் காத்தாடிக் கம்பம், கரண்ட் கம்பி. பெரிய பறவை, நேரா முன்னாடி பாக்கத் தெரியாது, கம்பில அடிச்சு செத்துடுது. கம்பிங்கள்ல பறவைக்குத் தெரியட்டும்னு தகடு மாட்டி வெச்சிருக்காங்க. சில கம்பில இருக்கு, சில கம்பில இல்ல.

சரி, இப்ப கேள்வி. பிகானேர் போகாததால நாள் மிச்சம். தைப்பூசத்துக்கு ரண். ஜெய்சல்மேர்லேருந்து எந்த வழி? வெள்ளை ரண் திருவிழா நடக்கற டோர்டோ கிராமத்துல பௌர்ணமிக்குக் கூடாரம் கேட்டா சொல்ற விலைக்கு இங்க ஒரு பவுன் தோடே வாங்கிடலாம் போல.

வாணியம்பாடி_வண்டி

பார்மேர், சாஞ்சோர், ராதன்பூர். அமிர்தசரஸ்–ஜாம்நகர் புது எக்ஸ்பிரஸ் ரோடு அந்தப் பக்கம் ஓடுது, ஏற வழி கிடைக்கற எடத்துல ஏறிக்கோங்க. ஒரே நாள்ல முடிக்கப் பாக்காதீங்க, ராதன்பூர்ல படுங்க. மறுநாள் சாந்தல்பூர், ராபர் வழியா தோலாவிரா, சிந்துவெளிக் காலத்துப் பழைய நகரம் இருக்கற ஊரு.

பைக்_பித்தன்

அக்கா டோர்டோவே வேணாம்! தோலாவிரால தங்குங்க. அது ரண் நடுவுல இருக்கற தீவு மாதிரி, கடீர் பேட்னு பேரு. ஊரைத் தாண்டி ஃபாசில் பார்க் பக்கம் போனா கண்ணுக்கு எட்டின வரைக்கும் வெள்ளை. டோர்டோல திருவிழாக் கூட்டம், தோலாவிரால விரல் விட்டு எண்ணிடலாம்.

காட்பாடி_ஜங்ஷன்

அம்புட்டு தூரம் போயிட்டு டோர்டோ பாக்காம வர்றதா? பௌர்ணமி ராத்திரிக்கு தோலாவிரா, மறுநாள் பகல்ல டோர்டோன்னு வெச்சிக்கோங்க. பகல்ல கூடார வாடகை கட்ட வேண்டியதில்ல, நுழைவு அனுமதி மட்டும்தான். நடுவுல அந்த உப்புக்குள்ள போடப்பட்ட ரோடும் வரும்.

ரிசர்வ்ல_ஓடும்_வண்டி

ஜங்ஷன் சார் யோசனையே சரி. ரூம் எதுவும் போடவில்லை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முள்ளுக்கத்திரி – பிப்ரவரி 3, பூஜ்

போயாச்சு, பாத்தாச்சு.

தோலாவிரால ஒரு வீட்டுத் திண்ணையோட சேர்ந்த மண் குடிசை மாதிரி ரூம் கிடைச்சுது, வட்டமா, உள்ள கண்ணாடி பதிச்சு. பாத்ரூம் பாக்க இந்தத் தடவை நான்தான் போனேன், சுத்தமாவே இருந்தது. பகல்ல பழைய நகரத்தைப் பாத்தோம். அந்தக் காலத்துலயே பாறையை வெட்டி எறக்கின தண்ணித்தொட்டி, படிக்கட்டோட. 2021-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்த இடம், ஆனா அன்னிக்கு எங்களோட சேத்து ரொம்பக் கொஞ்சம் பேர்தான். ஏரிக்கரை சாரை நினைச்சுக்கினேன். ஒரு தொட்டியிலிருந்து வழியறது அடுத்த தொட்டிக்குப் போற மாதிரி வரிசையா வெச்சிருக்காங்க.

பௌர்ணமி ராத்திரி உப்பு மேல நடந்தோம். மேலாக்க காஞ்சு ஓடு மாதிரி இருக்கு, மிதிச்சா நொறுங்குது. சில எடத்துல அடியில சேறு, அவர் ஒரு செருப்பு உள்ள போய் எடுக்கறதுக்குள்ள கணுக்கால் வரைக்கும் கறுப்பு. டார்ச் தேவைப்படல. அரோகரான்னு ரெண்டு தடவை கத்தினார், எதிரொலி எதுவும் வரல, கூச்சமாப் போயிடுச்சு போல, நிறுத்திட்டார்.

மறுநாள் கவ்டா ரோடு. முப்பது கிலோமீட்டர் கிட்ட ரெண்டு பக்கமும் ரண். ஒரு பக்கம் தண்ணி இன்னும் நிக்குது, மறுபக்கம் உப்பு. வண்டிங்க ரோட்டு நடுவுல நிறுத்தி செல்ஃபி எடுக்கறாங்க, அதுதான் பயமா இருந்தது. டோர்டோ மத்தியான வெயில்ல கண்ணு கூசுது, கறுப்புக் கண்ணாடி இல்லாம போகாதீங்க. காலோ துங்கர் மலையும் ஏறினோம், நரிங்களுக்குப் பிரசாதம் வெக்கற கோயில். நரி வரல, நாய் சாப்பிட்டுச்சு.

மக்கன்பேடா

மாவா?

ரிசர்வ்ல_ஓடும்_வண்டி

பிரண்டியாராவில் ஒரு கிலோ வாங்கினோம். பூஜ் வந்து சேர்வதற்குள் பாதி காலி. மீதி வேலூர் வரைக்கும் தாங்காது.

அடுத்து திரும்பும் வழி. பூஜ், அகமதாபாத் வந்து 48-ம் நம்பர் ரோட்டைப் பிடிப்பதாகத்தான் திட்டம். வீட்டுக்காரம்மா நேற்றிலிருந்து வரைபடத்தில் மாண்டவி கடற்கரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பூஜிலிருந்து அறுபது கிலோமீட்டர்தானாம். லீவில் ஒரு நாள் மிச்சம் இருக்கிறது. யாராவது போயிருக்கிறீர்களா?

வாணியம்பாடி_வண்டி

போயிருக்கேன். கரையோரம் மரக்கப்பல் கட்டற பட்டறை இருக்கு, அதைப் பாருங்க. பெட்ரோல் குஜராத்லயே நிரப்பிடுங்க.